வேஸ்ட் ஆயில் சோதனையில் எண்கள் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மணலிப் பக்கம் ஒரு மறுசுத்திகரிப்புக் கூடத்தின் சோதனை அறையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். புதுப்பேட்டை மெக்கானிக் பட்டறைகளில் வடித்த இன்ஜின் ஆயில், மாதவரத்தில் லாரிகளிலிருந்து இறக்கியது, அம்பத்தூர் லேத் கூடங்களின் கட்டிங் ஆயில், துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் எண்ணெய் எல்லாம் ஒரே மாதிரியான கறுப்புத் திரவமாகத்தான் எங்கள் வாசலுக்கு வந்து சேரும். உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல வேண்டியது சோதனை அறை. ஒரே ஓர் எண்ணை மட்டும் நம்பி லாரியை உள்ளே விட்டும், வாசலிலேயே திருப்பி அனுப்பியும் நான் தவறியிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்த எண்ணுக்குத் துணையாக இன்னோர் எண்ணைப் பார்த்திருந்தால் போதும், தவறு பிடிபட்டிருக்கும். கீழே உள்ளவை அப்படித் திரும்பத் திரும்பச் சந்தித்தவை.

கையில் வைத்திருக்க வேண்டிய வரம்புகள்: 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்கு ஏற்கத்தக்க எண்ணெயில் பிசிபி (பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய்களில் இருந்த, குளோரின் உள்ள நஞ்சு) 2 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) கீழ் இருக்க வேண்டும். ஈயம் 100, ஆர்சனிக் 5, காட்மியம், குரோமியம், நிக்கல் மூன்றும் சேர்ந்து 500 பிபிஎம், பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்கள் 6 சதவீதம் ஆகியவை உச்சவரம்பு. இவற்றைத் தாண்டியதை வாங்குவது விலை பேசித் தீரும் விஷயம் அல்ல, சட்ட மீறல்.

## தண்ணீர் அளவு ஒரு சோதனைக்கு ஒரு மாதிரி காட்டுகிறது

அடிக்கடி வரும் தகராறு இதுதான், அதிக நஷ்டம் தருவதும் இதுதான். சூடான தட்டில் சொட்டு விட்டால் அமைதியாக இருக்கும், கொப்பரையில் ஏற்றினால் பொங்கி வழியும். அல்லது எண்ணெயைத் தொலுயீன் கரைப்பானோடு காய்ச்சி, ஆவியாகி இறங்கும் நீரை அளக்கும் டீன்–ஸ்டார்க் சோதனை ஒன்று சொல்லும், அயோடின் கரைசலோடு நீர் வினைபுரிவதை வைத்து அளக்கும் கார்ல் ஃபிஷர் சோதனை அதைப் போல மூன்று மடங்கு சொல்லும்.

### முதலில் மாதிரியைச் சந்தேகியுங்கள்

செலவில்லாத காரணம் இது. பத்துக்கு ஏழு முறை காரணம் இங்கேதான் இருந்திருக்கிறது. ஒரு நவம்பர் மாதம் நாற்பது பேரல் வந்தது. மேலிருந்து எடுத்த மாதிரியில் தண்ணீர் ஒரு சதவீதம்கூட இல்லை. இறக்கலாம் என்று சொல்லிவிட்டேன். சுமை இறக்கும் அண்ணன் ஒருவர் பேரலின் அடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், மேலே சுடுகிறது, அடியில் ஒரு சாண் அளவு குளிர்ந்து கிடக்கிறது" என்றார். வெயிலில் நின்ற பேரலில் எண்ணெய் சீக்கிரம் சூடேறும், தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். அவர் கைக்குத் தெரிந்தது என் அறிக்கையில் இல்லை. அடிவரை குழாயை விட்டு எடுத்தபோது முழங்கை நீளத்துக்கு மழைநீர் வந்தது.

செய்ய வேண்டியது: ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாயை, மேல்முனை திறந்தபடி மெதுவாக அடிவரை இறக்குங்கள். வேகமாகக் குத்தினால் மேல் எண்ணெய்தான் குழாயை நிரப்பும். அடியைத் தொட்டதும் மேல்முனையைக் கட்டைவிரலால் மூடித் தூக்குங்கள். டேங்கர் என்றால் மேல், நடு, அடி என மூன்று மாதிரிகள். பெட்ரோல் பங்குகளில் அளவுகோலில் தடவும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை இதற்கு மிக நல்ல துணை. ஒரு டியூப் வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.

மழைநீர் புகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் தண்ணீர் தேங்கும். பகல் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் திருகுவழி வெளியேறும், இரவுக் குளிர்ச்சியில் அதே வழியாகத் தேங்கிய நீர் உள்ளே உறிஞ்சப்படும். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது என்று பட்டறைக்காரர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பேரலைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களில் வருமாறு உருட்டி நிறுத்தச் சொல்லுங்கள். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் அடிமாதிரி இல்லாமல் எந்தச் சரக்கையும் நான் இப்போது ஏற்பதில்லை.

### டீன்–ஸ்டார்க் குறைத்துக் காட்டுகிறது

மாதிரி சரி என்றால் அடுத்து கண்டென்சர். சித்திரை, வைகாசியில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் குழாயில் வரும்போதே கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை வைத்துக் குளிர்வித்தால் நீராவி முழுதும் இறங்காமல் தொலுயீனோடு மேலே போய்விடும். ஒரு வாளியில் பனிக்கட்டி போட்டு, சிறிய பம்ப் வைத்து, அதே நீரைச் சுழற்றுங்கள். குழாயின் உட்புறச் சுவரில் துளிகள் ஒட்டி நின்றால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று பொருள். சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி உலர்த்துங்கள். தொலுயீன் தீப்பற்றும் பொருள். திறந்த அடுப்பு வேண்டாம், மின்சார மேன்டில் மட்டுமே.

### கார்ல் ஃபிஷர் கூட்டிக் காட்டுகிறது

இன்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மமும், காரத்தன்மையுள்ள கால்சியம் டிடர்ஜென்டும், சில கந்தகச் சேர்மங்களும் கார்ல் ஃபிஷர் கரைசலின் அயோடினோடு தாமே வினைபுரியும். கருவி அதையும் தண்ணீர் என்றே எண்ணிக்கொள்ளும். மாதிரியை நேரடியாகச் செலுத்தாமல், அடுப்பில் சூடாக்கி ஆவியை மட்டும் உலர்ந்த வாயுவால் செலுத்தும் முறைக்கு மாறினால் எண் இறங்கிவிடும். அந்த இணைப்பு இல்லாத கூடங்கள் வேஸ்ட் ஆயிலுக்கு டீன்–ஸ்டார்க்கையே நம்பலாம். அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உள்ள சரக்குக்குக் கார்ல் ஃபிஷரின் நுட்பம் தேவையும் இல்லை.

### தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அடியில் பிரிந்து நிற்கும் நீரை எடுத்துச் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுங்கள். மழைநீர் என்றால் கலங்கல் மிகக் குறைவு. தயிர் போலத் திரண்டால் கடல்நீரைச் சந்தேகிக்கலாம். ஆனால் சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே குளோரைடு தாராளமாக உண்டு, ஆகவே இதை மட்டும் வைத்துத் துறைமுகச் சரக்கு என்று முடிவு கட்டாதீர்கள். கீழே சோடியம் பகுதியில் இதற்கான உறுதிப்படுத்தல் இருக்கிறது. நீரை வடித்த பிறகும் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்திலேயே நின்று, 80 டிகிரியில் ஓர் இரவு வைத்தும் பிரியவில்லை என்றால், அது கட்டிங் ஆயில் கலந்து, எண்ணெயும் நீரும் பிரியாமல் நிற்கும் பால்மம். பால்மம் உடைக்கும் வேதிப்பொருளை அளவறியாமல் ஊற்றாதீர்கள். அதை விற்கும் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆளை அழைத்து, உங்கள் மாதிரியிலேயே ஜாடிச் சோதனை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

## பாகுநிலை எதிர்பார்த்ததைவிடக் குறைவு

பாகுநிலை என்பது எண்ணெய் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதன் அளவு, அதன் அலகு சென்டிஸ்டோக். 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் என்று சொல்லி வந்த சரக்கு, 100 டிகிரி செல்சியஸில் 12.5 சென்டிஸ்டோக்குக்குக் கீழ் காட்டுகிறது. உடனே கலப்படம் என்று கத்த வேண்டாம். பலதர எண்ணெய்களில் உள்ள பாலிமர் ஓட்டத்தில் நறுக்குண்டு, 40ஆம் தரம் 30ஆம் தரத்தின் எல்லைக்குள் இறங்குவது இயல்பு.

அதைவிடக் கீழே போனால் முதலில் நீர்த்தொட்டியின் வெப்பநிலையை வேறொரு வெப்பமானியால் சரிபாருங்கள். 40 டிகிரிச் சோதனையில் ஒரு டிகிரி பிசகினால் நான்கைந்து சதவீதம் மாறும். அடுத்து குழாய். கறுத்த எண்ணெய்க்குச் சாதாரணக் குழாயில் மட்டம் கண்ணுக்குத் தெரியாது, கோட்டைத் தாண்டும் கணத்தை ஊகித்துத்தான் கடிகாரத்தை அழுத்துவோம். எண்ணெய் கீழிருந்து மேலேறும் ரிவர்ஸ் ஃபுளோ குழாய்தான் இதற்கு உரியது. இரண்டும் சரியென்றால் ஃபிளாஷ் பாயின்ட்டுக்கு, அதாவது எண்ணெயின் ஆவி சுடர் பட்டுப் பற்றும் வெப்பநிலைக்குப் போங்கள். வழி அங்கேதான் பிரிகிறது.

### ஃபிளாஷ் பாயின்ட்டும் குறைந்திருந்தால்

பெரும்பாலும் எரிபொருள் கலந்திருக்கிறது. பெட்ரோல் என்றால் மூக்குக்கே தெரியும். டீசல் அவ்வளவு எளிதில் தெரியாது, ஆனால் திறந்த கோப்பையில் 200 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய எண் 150, 160 என்று இறங்கி நிற்கும். இந்தச் சரக்கைச் சூடான தட்டில் சோதிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். ஃபிளாஷ் பாயின்ட் பார்த்த பிறகே தட்டுச் சோதனை என்ற ஒழுங்கை நாங்கள் ஒரு சிறு தீக்குப் பின் வைத்துக்கொண்டோம். மூடிய கோப்பையில் 60 டிகிரிக்குக் கீழே வந்தால் அது சோதனை அறையோடு முடியும் பிரச்சினை அல்ல. சரக்கைத் தனியே நிறுத்தி, பாதுகாப்புப் பொறியாளரை அழைத்த பிறகே பம்பை இயக்க வேண்டும்.

### ஃபிளாஷ் பாயின்ட் சரியாகவே இருந்தால்

இலகுவான வேறொரு எண்ணெய் கலந்திருக்கிறது. ஹைட்ராலிக் எண்ணெய் என்றால் அச்சமில்லை, அதன் அடிப்படை எண்ணெய் நல்லதாகவே இருக்கும், விலையை மட்டும் பேசலாம். டிரான்ஸ்பார்மர் எண்ணெய் என்றால் நிலைமை வேறு. அதன் ஃபிளாஷ் பாயின்ட் இன்ஜின் ஆயிலைவிடக் குறைவு, ஆகவே எண் ஓரளவு இறங்கியிருந்தாலும் இதையும் சந்தேகியுங்கள். பிரித்தறிய கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பாருங்கள். இன்ஜின் ஆயிலில் துத்தநாகம் பொதுவாக 800 முதல் 1,200 பிபிஎம் வரை இருக்கும். ஹைட்ராலிக் எண்ணெய் பலவற்றில் துத்தநாகம் ஓரளவு உண்டு, கால்சியம் சொற்பம். டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் இரண்டுமே இராது. ஆகவே பாகுநிலை சரிந்து, இரண்டு உலோகங்களும் ஒரே விகிதத்தில் பாதியாகி நின்றால், வால்வைத் திறக்காமல் பிசிபி சோதனைக்கு அனுப்புங்கள். ஒரு பேரல் பிசிபி எண்ணெய் உங்கள் பெரிய தொட்டிக்குள் போனால் தொட்டி முழுவதும் மறுசுழற்சிக்கு உதவாத கழிவாகிவிடலாம்.

## பாகுநிலை அதிகம்

பெரும்பாலும் புகைக்கரி, அல்லது நெடுநாள் ஓடி ஆக்ஸிஜனேற்றம் அடைந்த எண்ணெய், அல்லது கியர் ஆயில் கலவை. வடிதாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். நடுவில் கறுப்பு வட்டம் கெட்டியாக நின்றால் கரி, வெளி வட்டம் பழுப்பேறியிருந்தால் ஆக்ஸிஜனேற்றம். முட்டைநாற்றமும் கந்தகமும் கூடினால் கியர் ஆயில். மூன்றுமே வெற்றிடத்தில் காய்ச்சி வடிப்பதில் தீரக்கூடியவை, கவலை வேண்டாம். நூல் நூலாக இழுத்தால் மட்டும் கிரீஸ் கலந்திருக்கிறது. அதைக் கொப்பரையில் சேர்க்காதீர்கள், அடியில் சோப்பாகப் படிந்து வெப்பக் குழாய்களை மூடிவிடும்.

## உலோக அளவீட்டில் ஒன்று மட்டும் எகிறுகிறது

ஐசிபி கருவியின் (மிகச் சூடான பிளாஸ்மாவில் மாதிரியைத் தெளித்து, அதிலுள்ள ஒவ்வொரு தனிமத்தையும் அளக்கும் கருவி) தாளைப் பார்த்து ஒரு தனிமத்தை மட்டும் வட்டமிடும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. நான் முதலில் பார்ப்பது அந்தத் தனிமம் யாரோடு சேர்ந்து ஏறியிருக்கிறது என்பதை.

### சோடியம்

எந்த மாதிரியும் இல்லாத வெறும் கெரசினை ஓட்டுங்கள். அதிலும் சோடியம் வந்தால் உங்கள் பாட்டில் கழுவிய நீரோ, கை வியர்வையோதான் குற்றவாளி.

வெறும் ஓட்டம் சுத்தம் என்றால்: பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் கசிவு. போரானும் வரலாம், ஆனால் சில எண்ணெய்களில் போரான் சேர்க்கைப் பொருளாகவே இருப்பதால் அதைத் தனிச் சாட்சியாக எடுக்க முடியாது. கூலன்டில் உள்ள கிளைக்கால் இருந்தால் காய்ச்சி வடிக்கும்போது பிசினாகி வால்வில் ஒட்டும், ஆகவே உறுதி செய்வது அவசியம். எஃப்டிஐஆர் (எண்ணெய் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) வரைபடத்தில் 1040, 1080 அலையெண்களில் இரட்டை முகடும், 880 பக்கத்தில் சிறு முகடும் தெரிந்தால் கிளைக்கால்தான்.

மக்னீசியம் சேர்ந்து ஏறினால் கடல்நீர். கடல்நீரில் சோடியம் மக்னீசியத்தைப் போல எட்டு மடங்குக்குச் சற்று அதிகம். அந்த விகிதம் வருகிறதா என்று கணக்கிடுங்கள். மக்னீசியம் டிடர்ஜென்ட் உள்ள எண்ணெயில் இந்தக் கணக்கு குழம்பும். அப்போது அடியில் பிரிந்த நீரையே தனியாக அளந்து விகிதம் பாருங்கள்.

### கால்சியம் மிக அதிகம், கூடவே வனேடியம்

கப்பல். கனரக எரிஎண்ணெயில் வனேடியமும் நிக்கலும் இயல்பாகவே உண்டு, சாலை வண்டியின் டீசலில் வனேடியம் வராது. கப்பலின் சிலிண்டர் எண்ணெயில் கந்தக அமிலத்தை முறிக்கக் கால்சியம் ஏராளமாகச் சேர்ப்பார்கள். அமிலத்தை முறிக்கும் திறனைச் சொல்லும் கார எண் 40, 70 என்று வருவது அதனால்தான். சாம்பல் அதிகம் என்பதால் அடிக்கசடு அதிகம் விழும், விளைச்சல் குறையும். பட்டறை எண்ணெய் என்று சொல்லி வந்த சரக்கில் வனேடியம் கண்டால், எங்கிருந்து ஏற்றினார்கள் என்று, சரக்கோடு வரும் கழிவுப் போக்குவரத்துச் சீட்டான படிவம் 10இல் உள்ள அனுப்புநரின் பெயரோடு ஒத்துப்பாருங்கள்.

### ஈயம்

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதனால் "பெட்ரோல் வண்டி எண்ணெய், ஈயம் இருக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து ஏறியிருந்தால் பேரிங் தேய்மானம். அது சில பத்து பிபிஎம்மில் நிற்கும். ஈயம் மட்டும் தனியே 100ஐத் தாண்டினால் பேட்டரிக் கடைக் கழிவோ, ஈயச் சோப்பு கலந்த பழைய கியர் ஆயிலோ ஏதோ ஒரு பேரலில் வந்திருக்கிறது. கலவை மாதிரியை வைத்து மொத்தத்தையும் நிராகரிக்கும் முன், பேரல்களை ஐந்தைந்தாகப் பிரித்து மறுபடி அளந்தால் குற்றமுள்ள பேரல் அகப்படும். அதை நல்லதோடு கலந்து எண்ணைக் குறைக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் வருவார்கள். ஈயம் கலந்தாலும் ஒரு துளியும் மறையாது, அடிக்கசடிலோ அதை எரிக்கும் சூளையின் புகையிலோ வெளிவந்தே தீரும். அந்தப் புகைக்கு அருகில் குடியிருப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

### சிலிக்கான்

அலுமினியத்தோடு ஏறினால் சாலைத் தூசு, வடிகட்டிவிடலாம். தனியே ஏறினால் சிலிக்கோன் பசை, கூலன்டின் சேர்க்கை அல்லது நுரைத்தடுப்பான். இந்த வகை ஆவியாகி அடிப்படை எண்ணெயோடு சேர்ந்தே வரும். ஹைட்ரஜன் மூலம் சுத்திகரிக்கும் ஆலை என்றால் வினையூக்கியைக் கெடுத்துவிடும். எண்ணெயில் களிமண் கலந்து அழுக்கை உறிஞ்சவிட்டு வடிகட்டும் முறை மட்டும் உள்ளவர்களுக்கு இவ்வளவு பயமில்லை.

### காந்தத்தில் துகள் ஒட்டுகிறது, கருவியில் இரும்பு இல்லை

கெரசினில் கரைத்து நேரடியாக ஓட்டும்போது சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பிளாஸ்மாவை முழுதாகச் சென்றடைவதில்லை. அமிலத்தில் செரித்த பிறகு அளந்தால்தான் முழு இரும்பும் தெரியும்.

### எல்லாத் தனிமங்களும் ஒரே விகிதத்தில் குறைவு

எண்ணெயில் கோளாறு இல்லை, தெளிப்பான் அடைத்திருக்கிறது அல்லது நீர்க்கச் செய்தபோது எடை பிசகியிருக்கிறது. தெளிப்பானைக் கெரசினில் ஊறவைத்துக் கழுவுங்கள், பம்ப் ரப்பர் குழாயை மாற்றுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அறிந்த அளவில் சேர்க்கும் யிட்ரியம் அல்லது கோபால்ட் சரியாக வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பின்னும் தரக்கரைசல் பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் சர்வீஸ் பொறியாளரை அழையுங்கள். டார்ச்சை நீங்களே கழற்ற வேண்டாம்.

ஆர்சனிக் பற்றித் தனியாக ஒரு சொல். வரம்பே 5 பிபிஎம்தான். மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டும் சாதாரண ஐசிபியில் அந்த அளவை நம்பகமாகப் படிப்பது கடினம். ஹைட்ரைடு முறையோ ஐசிபி-எம்எஸ்ஸோ உள்ள வெளி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். "காணப்படவில்லை" என்று உங்கள் கருவி எழுதுவதைச் சான்றாக வைத்துக்கொள்ள முடியாது.

## செம்புக் கம்பியில் பச்சைச் சுடர்

செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து மீண்டும் சுடரில் காட்டுங்கள். பச்சை எழுந்தால் குளோரின் போன்ற ஹாலஜன் இருக்கிறது. புகைபோக்கிக்குள் மட்டுமே செய்ய வேண்டும், எழும் புகை நஞ்சு. உப்புநீர் கலந்திருந்தால் சோடியத்தின் மஞ்சள் சுடர் பச்சையை மறைக்கும். ஆகவே எண்ணெயை வெந்நீரில் இருமுறை கழுவி, பிரித்து, மறுபடி பாருங்கள்.

கழுவிய பின்னும் பச்சை என்றால் மூன்று வாய்ப்புகள். அம்பத்தூர், பாடிப் பக்கத்து லேத் கூடச் சரக்கில் குளோரின் ஏற்றிய பாரஃபின் உள்ள கட்டிங் ஆயில் இருப்பது சாதாரணம். பாகங்களைக் கழுவிய டிரைகுளோரோஎதிலீன் போன்ற கரைப்பான் இரண்டாவது. அது இலகுவாக ஆவியாவதால், 100 டிகிரியில் அரைமணி வைத்த பின் சுடர் மங்கிவிடும். மூன்றாவது பிசிபி. முதல் இரண்டும்கூட எளிதல்ல. சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிரிந்து, காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் மேற்பகுதியையும் கண்டென்சரையும் அரித்துவிடும்.

இந்த அறிகுறிக்கு உங்கள் அறையில் முடிவு கிடையாது. ஹாலஜன் இருக்கிறது என்று மட்டுமே கம்பி சொல்லும், எவ்வளவு, எது என்று சொல்லாது. என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்த ஹாலஜனும், இசிடி உணரி பொருத்திய வாயு நிறப்பிரிகையில் பிசிபியும் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கை வரும்வரை சரக்கு தனியே பூட்டப்பட்டிருக்கட்டும்.

## அமில எண் கூடுகிறது, களிமண் எவ்வளவு போட்டாலும் இறங்கவில்லை

பயன்படுத்திய எண்ணெயில் அமில எண் சற்று இருக்கவே செய்யும். புதிய எண்ணெயிலும் துத்தநாகச் சேர்க்கையால் கொஞ்சம் காட்டும். வடித்த பிறகும் நிற்கிறதென்றால் பொரித்த சமையல் எண்ணெய் கலந்திருக்கிறதா பாருங்கள். சூடாக்கும்போது பஜ்ஜிக் கடை மணம் வரும். காரத்தோடு சேர்ந்து சோப்பாகும் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் சோப்பாக்க எண் இதைப் பிடித்துக்கொடுக்கும். தாவர எண்ணெய்க்கு அது 190 அளவில், கனிம எண்ணெய்க்குப் பூஜ்யத்தை ஒட்டி. கலவையில் 19 வந்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சமையல் எண்ணெய். எஃப்டிஐஆரில் 1745 பக்கத்து முகடும் இதையே சொல்லும், ஆனால் சில செயற்கை எண்ணெய்களிலும் எஸ்டர் உண்டு என்பதால் மணத்தையும் எண்ணையும் சேர்த்தே பாருங்கள். ஓட்டல்களில் மிஞ்சும் எண்ணெய்க்கு பயோடீசல் என்ற நல்ல வழி இருக்கிறது. எங்கள் பேரலுக்குள் வந்தால் இரண்டும் வீண். சேகரிப்பவரிடம் அதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், பலருக்கு உண்மையிலேயே தெரியாது.

## வடித்த எண்ணெய் தொட்டியில் மறுபடி கறுக்கிறது

சூடு ஆறும் முன் காற்றுப்படத் தொட்டிக்கு அனுப்பினால் இப்படி ஆகும். 60 டிகிரிக்குக் கீழே இறக்கிவிட்டு அனுப்பிப் பாருங்கள். மாறவில்லை என்றால் கார்பன் எச்சத்தைச் சோதியுங்கள். அது கூடியிருந்தால் கோபுரத்தில் அடிக்கசடு ஆவியோடு தெறித்து மேலேறுகிறது, ஊட்டும் வேகத்தைக் குறையுங்கள். இரண்டும் இல்லையென்றால் கோபுரத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அது ஆலைப் பொறியாளரின் வேலை.

## இரண்டு ஆய்வகங்கள், இரண்டு முடிவுகள்

விற்பவர் ஓர் அறிக்கை நீட்டுவார், உங்களுடையது வேறாக இருக்கும். சண்டைக்கு முன் நான்கு கேள்விகள்.

அலகு என்ன? லிட்டருக்கு மில்லிகிராம் என்று ஒருவரும், கிலோவுக்கு மில்லிகிராம் என்று இன்னொருவரும் எழுதியிருக்கலாம். எண்ணெயின் அடர்த்தி 0.88 என்றால், லிட்டருக்கு 90 என்பது கிலோவுக்கு 102. ஈயத்தில் இந்த ஒரு வித்தியாசமே ஏற்பதையும் மறுப்பதையும் பிரித்துவிடும்.

முறை என்ன? திறந்த கோப்பை ஃபிளாஷ் பாயின்ட் மூடிய கோப்பையைவிடப் பத்து, இருபது டிகிரி அதிகமாகக் காட்டுவது இயல்பு. கார எண்ணில் பெர்குளோரிக் அமில முறை, ஹைட்ரோகுளோரிக் அமில முறையைவிடக் கூடுதலாகவே தரும், பயன்படுத்திய எண்ணெயில் இடைவெளி இன்னும் பெரிது.

மாதிரியைக் குலுக்கினார்களா? ஒரு வாரம் அலமாரியில் நின்ற பாட்டிலில் உலோகத் துகளும் கசடும் அடியில் படிந்திருக்கும். 60 டிகிரிக்குச் சூடேற்றி, அடிவரை கலங்கக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். பாட்டிலை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பினால் குலுக்கவே முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

அது ஒரே மாதிரிதானா? லாரி நிற்கும்போதே மூன்று பாட்டில் எடுத்து, விற்பவரும் நீங்களும் கையெழுத்திட்டு முத்திரை வைத்து, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பாட்டில், இருவரும் ஒப்பும் மூன்றாவது ஆய்வகத்துக்கு. இந்தப் பழக்கத்தை ஆரம்பித்த பிறகு எங்கள் வாசலில் குரல் உயர்வது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு சரக்கு வரம்பைத் தாண்டியதுதான் என்றால், வந்த வழியே படிவம் 10உடன் திருப்பி அனுப்புங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். பிசிபியோ ஈயமோ வரம்பு மீறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் அன்றே தெரிவியுங்கள். லாரிக்காரர் சோர்ந்துபோய், எங்கேயாவது ஊற்றிவிட்டுப் போகிறேன் என்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, வலையையும் படகையும் துடைத்துக்கொண்டு நின்ற மீனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அப்படிச் சொல்லும் லாரியை நான் அனுப்புவதில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அனுப்பியவர் தொலைபேசியில் பொறுப்பேற்று, சரக்கு போய்ச் சேரும் இடத்தை எழுதித் தரும்வரை வாசலுக்குள்ளேயே நிறுத்தி வைக்கிறேன்.